கொடும்பாவி கையில் விதைச்சோளம்

என்னை ஒருமுறை எரித்திருக்கிறார்கள். சோளத்தட்டையால் என்னைப் போல ஒரு உருவம் செய்து, பனைநாரில் சடை பின்னி, கையில் ஒரு பழைய பாடப் புத்தகத்தைக் கட்டி, ஊர்த்தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போய் ஓடைக்கரையில் கொளுத்தினார்கள். நான் எங்கள் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

எல்லையம்மனுக்குப் பங்குனி தவறாமல் பொங்கல் வைக்கிற உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள், "உனக்கு அவ அப்படி என்ன செஞ்சுட்டா?" என்று. செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆறிய மனத்தோடு எழுதவேண்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன். அவளுக்கு என் கோபம் புதிதல்ல.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். திருச்சுழிக்கு நடந்தே போய்ப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்படக் கூடாதா? எங்கள் அய்யா பத்திரத்தில் பெருவிரலை வைத்துத்தான் நிலம் வாங்கினார். அந்தப் பத்திரத்தை அவருக்கு முதல் தடவை வாசித்துக் காட்டியது நான். நான்கு குறுக்கம் கரிசல், ஏறக்குறைய நான்கு ஏக்கர். கிணறு கிடையாது, கண்மாய்ப் பாசனம் கிடையாது. வானம் பார்த்த காடு; மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம். அதன் வடக்கு மூலையில் உடைமரத்தடியில் ஒரு கல். அதுதான் எல்லையம்மன். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் எல்லைக்காரி.

கீலக வருடம் ஆவணியில் துன்பம் தொடங்கியது. அய்யா வண்டியில் எரு ஏற்றிக்கொண்டு போகும்போது ஓடை இறக்கத்தில் வண்டி குடை சாய்ந்தது. வலது கை அடியில் சிக்கி இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, தைப்பொங்கல் வரை அந்தக் கையால் ஒரு செம்பைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. வீட்டில் ஆத்தாவும் நானும்தான்.

எங்கள் பக்கத்து வெள்ளாமை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மழை பெய்த பிறகு விதைப்பது எங்களுக்குச் சரிப்படாது. கரிசல் நனைந்துவிட்டால் சேறு; காளை இறங்காது. அதனால் புரட்டாசியில், காடு காய்ந்து மாவாகக் கிடக்கும்போதே விதைத்துவிடுவோம். புழுதி விதைப்பு என்போம். பிறகு வானத்தைப் பார்த்துக் காத்திருப்போம். விதைக்கிற பத்து நாளை விட்டுவிட்டால் அந்த வருடம் போயிற்று.

அந்தப் பத்து நாளில் ஒரு வீட்டு ஆண்பிள்ளை படுத்துவிட்டால் மற்ற வீட்டு ஏர்கள் வந்து உழுது கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அய்யா எத்தனையோ காடுகளில் அப்படி உழுது கொடுத்திருக்கிறார். அவருக்கு ஒரு ஏர்கூட வரவில்லை. காரணம் எங்கள் பெரியப்பா. அய்யாவுடன் கூடப் பிறந்தவர். நம்ம காட்டை நானே பார்த்துக்கொள்கிறேன், யாரும் வரவேண்டாம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீ கையை வச்சிக்கிட்டு கம்முனு கெட. இந்த வருசம் ஒன் காட்டுல என் ஏரு எறங்கட்டும். வெளைஞ்சதுல ஒனக்கும் தாரேன்."

ஆத்தா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். எங்கள் மூன்று பேர் மனத்திலும் ஓடியது ஒன்றுதான். அத்தையின் காடு.

எங்கள் அத்தை, இவர்கள் இருவருக்கும் தங்கை, புருசனைப் பறிகொடுத்த வருடம் இதே பெரியப்பா இதே பேச்சைத்தான் பேசினார். அவருடைய ஏர் அத்தை காட்டில் இறங்கியது. அடுத்த வருடமும் இறங்கியது. மூன்றாம் வருடம் எல்லைக்கல்லைக் காணவில்லை. அத்தை அப்போது தன் சொந்தக் காட்டிலேயே கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "உழுதவனுக்குத்தானே தெரியும் காடு எதுவரைக்கும்னு" என்று சிரிப்பார் பெரியப்பா.

நான் சொன்னேன், "பெரியப்பா, ஒங்க ஏரு வேண்டாம். நாங்களே உழுதுக்கிறோம்."

"யாரு உழுவா? ஒன் ஆத்தாளா?"

"நான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏலே தம்பி, ஒன் மக படிச்சது போதும்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டியா? பொம்பள மேழி புடிச்ச காட்டுல மழை எறங்குமா? ஒன் காட்டுக்கு மட்டுமா, ஊருக்கே எறங்காது. பாத்துக்க."

இது எங்கள் பக்கத்துப் பழைய சட்டம். பெண் களை எடுக்கலாம், கதிர் அறுக்கலாம், எருச் சுமக்கலாம், நிறைமாதத்தில் சும்மாடு கட்டித் தட்டை தூக்கலாம். ஏரின் கைப்பிடியான மேழியை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் மழைக்குக் கோபம் வந்துவிடுமாம். மழைக்கு வருகிற கோபம் எனக்கு வரக் கூடாதா?

புரட்டாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை, விடிந்ததும் நான் மயிலையையும் செவலையையும் பூட்டினேன். எங்கள் காளைகள் இரண்டின் நிறம்தான் அவற்றின் பெயர். உடைமரத்தடியில் சூடம் ஏற்றி எல்லைக்காரியிடம் கேட்டேன்: "ஆத்தா, நான் விதைச்ச ஒரு வாரத்துல மழை வேணும். எல்லாருக்கும் முந்தி என் காடு முளைக்கணும். இவுக மூஞ்சியில நான் தலைநிமிந்து முழிக்கணும்." என் வேண்டுதல் இவ்வளவுதான். நன்றாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அவள் இதில் ஒன்றைக்கூட நான் கேட்டபடி செய்யவில்லை.

எனக்கு உழத் தெரியாது. மேழியை எவ்வளவு அழுத்துவது, எங்கே தளர்த்துவது, ஒன்றும் தெரியாது. இருந்த கோபத்தை எல்லாம் மேழியில் வைத்து அமுக்கினேன். கலப்பையின் கொழுமுனை ஆழமாக இறங்கியது. காளைகள் நாக்கைத் தள்ளின. வரப்பில் உட்கார்ந்திருந்த அய்யா கத்தினார்.

"ஏத்தா, கைய எளக்கு! கெணறா வெட்டுற?"

எனக்கு இளக்கத் தெரியவில்லை.

அடுத்த தவறு விதைப்பில். எங்கள் ஊரில் விதையைக் கையால் வீசித் தெளிப்பார்கள். பிறகு மேலாக ஒரு உழவு ஓட்டி மூடுவார்கள். வீசுவதற்கு ஒரு கைவாகு வேண்டும். அய்யாவின் கையோ மாவுக்கட்டில் கிடந்தது. ஆத்தாவுக்கு வீசத் தெரியாது. அவள் மடியில் சோளத்தைக் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்து, நான் கிழித்த உழவுச்சாலுக்குள் இரண்டிரண்டு விதையாகப் போட்டாள். நான் அடுத்த சால் ஓட்டும்போது அந்த மண் சரிந்து முந்திய சால் மூடிக்கொண்டது. நான்கு குறுக்கத்துக்கு ஒன்பது நாள் ஆனது. என் உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. வீட்டில் எடுத்து வைத்திருந்த விதைச்சோளத்தில் பாதிக்கு மேல் அப்படியே மிஞ்சியது.

பாதையில் போன பேச்சி மதினி நின்று பார்த்தாள். எங்கள் தெருவில் இழவு வீடு என்றால் முதல் குரல் அவளுடையது.

"ஏ புள்ள, சோளத்தை வெதைக்கிறியா, பொதைக்கிறியா?" என்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் கேட்ட ஒரு வாரம் போயிற்று. மழை இல்லை. புரட்டாசி போயிற்று. தீபாவளியும் போயிற்று. வானம் கழுவிய வட்டில் போலக் கிடந்தது. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் என் குடத்துக்கு வழி விடுவார்கள். மரியாதைக்கு அல்ல, என் நிழல் படாமல் இருக்க. டீக்கடையில் பெரியப்பா சொன்னாராம்: "தம்பி வீட்டுப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீக, அது படிச்ச புள்ள. மழைக்கே பாடம் நடத்துது."

ஐப்பசியில்தான் கொடும்பாவி கட்டினார்கள். மழை பொய்த்தால், மழையைத் தடுத்த பாவியென்று ஒரு உருவம் செய்து இழுத்து, ஒப்பாரி வைத்து எரிப்பது காலங்காலமாக இருப்பதுதான். ஆனால் அந்தப் பாவிக்கு யார் சாயலும் இருக்காது. கீலக வருடத்துக் கொடும்பாவியின் கையில் மட்டும் புத்தகம் இருந்தது. எங்கள் வாசலுக்கு வந்ததும் வேண்டுமென்றே நின்றார்கள். பேச்சி மதினி மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்:

"ஏட்டைத் தொட்ட கையால ஏரைத் தொட்டாளே பாவி..."

அய்யா உள்ளே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆத்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் போகவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அய்யா உழுது கொடுத்த காட்டுக்காரர்கள் அதில் எத்தனை பேர் என்று பார்த்தேன். ஒருவர்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மழை பெய்தது!

நான் என்ன செய்வேன்? ஊரே கூத்தாடியது. பாவி செத்தாள், மழை வந்தது என்றார்கள். ஒரு நாழிகை பெய்து ஓய்ந்தது. ஆறாம் நாள் எல்லார் காட்டிலும் பச்சை. பெரியப்பா காடு கிளி இறக்கை போல இருந்தது. நடுவில் எங்கள் நான்கு குறுக்கம் மட்டும் கறுப்பாக, ஒரு முளை இல்லாமல், மொட்டையாகக் கிடந்தது.

பெரியப்பா நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, ஊரு கண்ணால பாத்துருச்சு. காட்டைத் தரிசாப் போடக் கூடாது. கார்த்திகை பெறக்கட்டும். அன்னைக்கும் முளைக்கலேன்னா என் ஏரு எறங்கும். சரிதானா?"

அய்யா தலையை ஆட்டினார். தலையை ஆட்டின அய்யா மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அன்று உச்சி வெயிலில் நேராக எல்லைக்காரியிடம் போனேன். பூ இல்லை, சூடம் இல்லை. நின்றபடியே கேட்டேன்.

"ஒனக்குக் கண்ணு இருக்கா? ஒன் காலடியில கெடக்குற காட்டை மட்டும் விட்டுட்டு ஊரெல்லாம் முளைக்க வச்சிருக்க. என்னைய எரிச்சப்ப பாத்துக்கிட்டுத்தானே இருந்த? எல்லையக் காக்குறவன்னு ஒனக்குப் பேரு. அத்தை காட்டு எல்லைக்கல்லைப் புடுங்குனப்ப எங்க போயிருந்த? இனிமே ஒனக்கு விளக்குக் கெடையாது. நீ இருட்டுலயே கெட."

அகல் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டேன். அழுகை வரவில்லை. வரும் வழியில் ஆத்திரத்தில் ஒரு உழவுச்சாலை விரலால் கிளறினேன். மேலே விரல்கடை அளவுக்கு மண் நனைந்து மறுபடி காய்ந்து ஏடு கட்டியிருந்தது. அதற்குக் கீழே பொடிப் புழுதி. நான்கு விரலும் முழுக்கப் புழுதிக்குள் போன பிறகுதான் விதை அகப்பட்டது. ஆத்தா போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எறும்பு தொடவில்லை, பூஞ்சணம் இல்லை.

அதை அய்யாவிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். "பாருங்க, செத்துக் கெடக்கு."

அவர் இடது கையால் வாங்கிப் பல்லில் வைத்துக் கடித்தார். மாவை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சாகலத்தா" என்றார். "ஈரம் அது வரைக்கும் எறங்கல. அம்புட்டுத்தான்."

அப்போது அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை. பத்து நாளில் விளங்கிற்று. அந்த ஒரு நாழிகை மழைக்குப் பிறகு வானம் மறுபடி வெளுத்துவிட்டது. மேலாக விதைத்த காடெல்லாம் மேல் ஈரத்தில் முளைத்திருந்தன. வேர் கீழே இறங்கிப் பார்த்தபோது அங்கே வெறும் புழுதி. முதலில் நுனி சுருண்டது. பிறகு மஞ்சள். பிறகு, காலால் தட்டினால் உதிர்ந்தது. இரண்டாம் தடவை விதைக்க ஊரில் யார் வீட்டிலும் விதை இல்லை. வீசி விதைத்தே எல்லாம் தீர்ந்திருந்தது. பேச்சி மதினி தன் காட்டில் நின்று அழுதாள். அந்த ஒப்பாரிக்குப் பாட்டு இல்லை. நான் சந்தோசப்பட்டேனா என்று கேட்காதீர்கள். அன்று சந்தோசப்பட்டேன்.

ஆனாலும் என் காடு மொட்டைதான். கார்த்திகைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நான் விளக்கு வைக்கவில்லை. என் வைராக்கியம் என்னுடையது.

அன்று பிற்பகல் வீரசோழன் ஊர்ப் பக்கத்திலிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாரல் இல்லை, தூறல் இல்லை, முதலிலேயே கனத்த துளி. மறுநாள் மதியம் வரை விடவில்லை. ஓடை கரை புரண்டது. கரிசல் வெடிப்பெல்லாம் வாய் மூடியது. நான் அந்த மழையில் நனைந்துகொண்டே உடைமரத்தடிக்குப் போனேன். நின்றேன். திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாளும் ஒன்றும் இல்லை. ஆறாம் நாளும் இல்லை. ஆழத்திலிருந்து வரவேண்டுமே. ஏழாம் நாள் காலை அய்யா கட்டுப் போட்ட கையோடு வரப்பில் ஓடி வந்து கத்தினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். சால் சாலாக, கோடு போட்ட நோட்டில் எழுதியது போல, வரிசை பிசகாமல் ஊசி ஊசியாகப் பச்சை. நான்கு குறுக்கமும். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரத்தில் மழை கேட்டேன். அவள் தந்திருந்தால் என் காடு அப்போதே முளைத்து, பின்னால் மழை இல்லாமல் கருகியிருக்கும். எல்லாருக்கும் முந்தி முளைக்கவேண்டும் என்று கேட்டேன். கடைசியில் முளைக்க வைத்தாள். நான் திட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவள் என் விதையைப் புழுதிக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தாள். என் தெரியாத கையையும் ஆத்தாவின் வீசத் தெரியாத கையையும் வைத்தே அதைச் செய்தாள். அகலைக் கொண்டு போய் அவள் காலடியில் வைத்து ஏற்றினேன். மன்னிப்புக் கேட்டேன். அவளிடம் மட்டும்தான் கேட்டேன்.

கார்த்திகை முதல் தேதி. கலப்பையோடு வருவேன் என்ற பெரியப்பா காலி ஓலைக் கடகத்தோடு வந்தார். பின்னால் பேச்சி மதினி. அவளுக்குப் பின்னால் ஏழெட்டு வீட்டு ஆட்கள். எங்கள் வீட்டில் விதை மிஞ்சியிருப்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்திருந்தது.

"அத்தாச்சி, காலம் தப்புனாலும் வேற வழியில்ல. சேறு எறுகிருச்சு, ஈரம் காயுறதுக்குள்ள வெதைக்கணும்" என்று ஆத்தாவிடம் இழுத்தாள் பேச்சி மதினி.

நான் முன்னால் வந்தேன். "கொடும்பாவி கையில வெதை வாங்குறீகளா மதினி? ஒங்களுக்குக் கூசலையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆத்தா என் தோளைத் தொட்டாள். "வெதைக்கு வந்தவுகள வெறுங்கையா அனுப்பக் கூடாது, தாயி. அது நமக்கு ஆகாது."

"அனுப்பல ஆத்தா. வெதை இங்க இல்ல, அங்க தாரேன்" என்று சொல்லிவிட்டு, பானையைத் தலையில் வைத்து உடைமரத்தடிக்கு நடந்தேன். எல்லாரும் பின்னால் வந்தார்கள். கல்லுக்கு முன்னால் பானையை இறக்கிச் சூடம் ஏற்றினேன்.

"பெரியப்பா, மொதல்ல நீங்க. தம்பி காட்டுல என் ஏரு எறங்காது, தங்கச்சி காட்டு எல்லைக்கல்லை இருந்த எடத்துல நட்டுத் தாரேன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டு அள்ளிக்கங்க."

அவர் முகம் கறுத்தது. "ஒரு பொட்டச்சி முன்னால நான் சத்தியம் பண்ணணுமாக்கும்?"

"என் முன்னால இல்ல பெரியப்பா. அவ முன்னால. அவளும் பொட்டச்சிதான்."

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. சூடம் எரிந்து தீரப் போகிறது. அவர் என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், கடைசியில் கல்லைப் பார்த்தார். சத்தியத்தை முழுவதும் சொல்லி, உள்ளங்கையால் அடித்துச் சூடத்தை அணைத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு கடகத்திலும் என் கையாலேயே அள்ளிப் போட்டேன். பேச்சி மதினி வாங்கும்போது என் உள்ளங்கையிலிருந்த காய்ப்பைத் தடவிப் பார்த்தாள்.

எல்லாரையும் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். எல்லைக்காரியின் பெயரைச் சொல்லிப் பொய் எழுதமாட்டேன். என் கையில் புத்தகத்தைக் கட்டியது யார் என்று எனக்குத் தெரியும். அவன் இப்போது வழியில் பார்த்தால் நலம் விசாரிக்கிறான். பதில் சொல்கிறேன், அவ்வளவே. அன்று விதை கொடுத்தது என் நல்ல மனசு இல்லை. விதையைக் காத்துக் கொடுத்த எல்லைக்காரி மேல் இருந்த நன்றி.

கீலகம் போய் இரண்டாவதாக வந்த இந்தச் சாதாரண வருடப் புரட்டாசியிலும் மேழி என் கையில்தான். அய்யாவின் கை கூடிவிட்டது, ஆனாலும் கேட்கிறார், "நீயே ஓட்டுறியா தாயி?" இப்போது எனக்கு இளக்கவும் தெரியும், அமுக்கவும் தெரியும். எங்கள் காட்டை முடித்த மறுநாள், நட்ட எல்லைக்கல்லுக்கு உள்ளே, அத்தை தன் காட்டில் முதன்முதலாகத் தானே ஏர் பூட்டினாள். பின்னால் சாலில் விதை போட்டு நடந்தது நான். பாதையில் நின்று பார்த்தவர்கள் உண்டு. யாரும் சிரிக்கவில்லை.

உங்களில் யாராவது கேட்டது கிடைக்கவில்லை என்று அவள்மேல் கோபமாக இருந்தால், பூவோடு பழத்தோடு போகவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள். நின்றபடியே திட்டுங்கள். வேண்டுமானால் விளக்கைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவள் இருட்டிலும் எல்லையை விட்டு நகரவில்லை.